157 வாக்குச்சீட்டில் அயர்லாந்தின் 1990: மாதிரி வாக்கெண்ணல் நடத்தும் முறை

1990 நவம்பர் 7ஆம் திகதி நடந்த அயர்லாந்து ஜனாதிபதித் தேர்தலில், முதலாம் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றவர் பிரையன் லெனிஹன். ஆனால் ஜனாதிபதியானவர் மேரி ரொபின்சன். இடையில் எண்ணப்பட்டவை இரண்டாம் விருப்பு வாக்குகள். நம்முடைய ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டிலும் 1, 2, 3 என்று விருப்பைக் குறிக்கலாம். அப்படியிருந்தும் 2024 செப்டெம்பர் வரை இலங்கையில் இரண்டாம் எண்ணிக்கைக்குத் தேவையே வரவில்லை. அதனால் அது எப்படி எண்ணப்படுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அயர்லாந்தின் அந்த ஒரு வருடத்தை எடுத்து, சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்ப்பதுதான் இதைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த வழி. உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களுக்கோ ஒரு வாசகர் வட்டத்துக்கோ மூன்று மணி நேரம் போதும். கொழும்பில் சனி, ஞாயிறு முழுவதையும் தனியார் வகுப்புகள் பிடித்துக்கொள்வதால், போயா தினக் காலைப்பொழுது பொருத்தமானது.

முதலில் வேண்டியது கதை. வேட்பாளர்கள் யார் என்று தெரியாமல் சீட்டுகளை எண்ணினால் அது வெறும் கணக்குப் பயிற்சியாகிவிடும். இருபது நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியவை இவை.

அயர்லாந்தின் ஜனாதிபதி பதவி ஏழு ஆண்டுகளுக்குரியது. நிறைவேற்று அதிகாரம் அதில் இல்லை. அது பிரதமர் தலைமையிலான அரசாங்கத்திடமே உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்குள்ள மாணவர்கள் ஜனாதிபதி என்றதும் நம்முடைய பதவியையே மனதில் வைத்துக்கொள்வார்கள். 1973க்குப் பின் அந்தப் பதவிக்குப் போட்டியே நடக்கவில்லை. மூன்று முறை தொடர்ந்து போட்டியின்றித் தெரிவானார்கள். ஃபியன்னா ஃபோல் கட்சி அதுவரை எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் தோற்றதில்லை. அதன் வேட்பாளரான லெனிஹன் துணைப் பிரதமர், பாதுகாப்பு அமைச்சர், கட்சி எல்லை கடந்து பலருக்கும் பிடித்தவர். தொழிற்கட்சி நியமித்த ரொபின்சன் சட்டத்தரணி. இருபது ஆண்டுகள் செனட்டராக இருந்தவர். குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதல் பெண்களின் உரிமைகள் வரை போராடியவர். மற்றவர்கள் அசையும் முன்னரே, மே மாதத்திலேயே ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியவர். மூன்றாமவர் ஃபைன் கேல் கட்சியின் ஒஸ்ரின் கரி. வட அயர்லாந்தின் சிவில் உரிமைப் போராட்டத்திலிருந்து வந்தவர். தாமதமாகக் களத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்.

ஒக்டோபரில் எல்லாம் தலைகீழானது. 1982 ஜனவரியில் அரசாங்கம் கவிழ்ந்தபோது, பாராளுமன்றத்தைக் கலைக்க வேண்டாமென்று வற்புறுத்த லெனிஹன் அன்றைய ஜனாதிபதி ஹிலரிக்குத் தொலைபேசி எடுத்தாரா என்ற கேள்வி தொலைக்காட்சியில் எழுந்தது. அவர் மறுத்தார். ஆனால் 1990 மே மாதம் ஓர் ஆய்வு மாணவருக்குக் கொடுத்த செவ்வியில், எடுத்ததாக அவரே சொன்ன ஒலிநாடா வெளியே வந்தது. ஒக்டோபர் 31ஆம் திகதி பிரதமர் சார்ள்ஸ் ஹோஹி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்தது. அப்படியிருந்தும் முதலாம் எண்ணிக்கையில் முதலிடம் அவருக்கே என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒலிநாடாதான் தேர்தலை முடித்துவைத்தது என்று சொல்வது பாதி உண்மை.

அன்று விழுந்த வாக்குகள்: லெனிஹன் 694,484, ரொபின்சன் 612,265, கரி 267,902. செல்லுபடியானவை மொத்தம் 1,574,651. வெல்ல வேண்டிய எண் 787,326. ஒருவரும் அதைத் தொடவில்லை. கரி நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகளில் 205,565 ரொபின்சனுக்கும் 36,789 லெனிஹனுக்கும் போயின. 25,548 சீட்டுகளில் அடுத்த விருப்பு இல்லை. முடிவு: ரொபின்சன் 817,830, லெனிஹன் 731,273. இந்த முடிவைப் பங்கேற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். யார் வென்றார் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும், பரவாயில்லை. எவ்வளவு வித்தியாசத்தில், எப்படி என்பது எண்ணி முடித்த பிறகே தெரியட்டும்.

சீட்டுகள் தயாரித்தல்

பத்தாயிரம் வாக்குக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 157 சீட்டு வரும். ஓர் ஏ4 தாளில் நான்கு சீட்டுகள் அச்சிட்டால் 40 தாள்களில் 160 சீட்டுகள் கிடைக்கும். மிஞ்சும் மூன்றும் செல்லாத வாக்குகளுக்கு. (உண்மையில் நிராகரிக்கப்பட்டவை 9,444, இந்த அளவில் ஒரு சீட்டுக்கும் குறைவு. ஆனாலும் மூன்று இருந்தால்தான் ஒரு சீட்டை நிராகரிப்பது எப்படி என்று பழக முடியும்.) பெயர்களைக் குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி கரி, லெனிஹன், ரொபின்சன் என்று அடுக்குங்கள், அயர்லாந்தின் முறை அதுதான். எல்லாச் சீட்டும் ஒரே நிறத் தாளில் இருக்க வேண்டும். வேட்பாளருக்கு ஒரு நிறம் கொடுத்தால் பிரிப்பவர்கள் இலக்கத்தை வாசிக்காமல் நிறத்தைப் பார்த்தே அடுக்குவார்கள், எண்ணலின் பயன் அங்கேயே போய்விடும்.

சீட்டுகளை நீங்களே முன்கூட்டிக் குறித்து வைக்க வேண்டும். பங்கேற்பவர்களை விரும்பியபடி வாக்களிக்க விட்டால் 1990 வராது. குறிக்கும் கணக்கு:

லெனிஹனுக்கு 1 என்று 69 சீட்டு. ரொபின்சனுக்கு 1 என்று 61. கரிக்கு 1 என்று 27. கரியின் 27இல், 21 சீட்டில் ரொபின்சனுக்கு 2, நான்கில் லெனிஹனுக்கு 2, இரண்டில் வேறெதுவும் இல்லை. லெனிஹன், ரொபின்சன் சீட்டுகளில் இரண்டாம் விருப்பை எப்படிக் குறித்தாலும் முடிவு மாறாது. ஆனால் குறிக்காமல் வெறுமையாக விடாதீர்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் 2 இருக்கட்டும். அந்த 2களை எண்ண வேண்டுமா கூடாதா என்ற குழப்பம் அறையில் எழ வேண்டும், அதுவே பாடம்.

செல்லாத மூன்றில் ஒன்று வெறுமை, ஒன்றில் இருவருக்கு 1, ஒன்றில் வாக்காளர் கையொப்பம். பேனையைக் கைக்குக் கை மாற்றிப் பலரைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒரே கையெழுத்தில் 160 சீட்டு இருந்தால் உயிரற்றுப் போகும்.

வேறு சாமான்கள்: மூடியில் துவாரமிட்ட இரண்டு காட்போட் பெட்டி, இறப்பர் பான்ட் 30, சிறு துண்டுச் சீட்டுகள், மாக்கர், கணக்குகள் எழுத ஒரு பிரிஸ்டல் போட், நீண்ட மேசை இரண்டு, இருபதடி நூல் கயிறு. புறக்கோட்டை மலிபன் வீதியில் தாளும் போட்டும் ஒரே நடையில் வாங்கலாம். அச்சிட்ட தாளைப் போட்டோகொப்பிக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் ஏறி இறங்கி, கட்டுகள் நேராக நிற்காது.

எண்ணுதல்

இருபது பேர் இருந்தால்: ஒருவர் தெரிவத்தாட்சி அலுவலர், எட்டுப் பேர் பிரிப்பவர்கள், இருவர் கட்டுகளைச் சரிபார்ப்பவர்கள், ஒருவர் போட்டில் எழுதுபவர். மற்ற எண்மரும் கட்சிக்காரர். மேசைக்கு முன்னே கயிற்றைக் கட்டி அவர்களை அதற்கு வெளியே நிறுத்துங்கள். அயர்லாந்தில் வாக்கெண்ணலன்று காலையில் கட்சித் தொண்டர்கள் தடுப்புக்கு அப்பால் நின்று, பெட்டி திறந்து சீட்டுகள் விரிக்கப்படும்போதே எட்டிப் பார்த்துக் கோடு கோடாகக் குறித்து, அதிகாரபூர்வ முடிவுக்கு மணிக்கணக்கில் முன்பே போக்கைச் சொல்லிவிடுவார்கள். போட்டிக் கட்சிகள் தமக்குள் இலக்கங்களைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. எண்ணலை மக்கள் கண்முன்னே வைத்திருக்கும் இந்த வழக்கம், சட்டத்தின் எந்த வாசகத்துக்கும் குறையாத பாதுகாப்பு. இந்தப் பாத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

பெட்டிகளைத் திறந்து, முதலில் சீட்டுகளின் மொத்தத்தை மட்டும் எண்ணுங்கள்: 160. பிறகு முதலாம் விருப்பின்படி மூன்று அடுக்கு, சந்தேகமானவை தனியே. சந்தேகச் சீட்டை அலுவலர் உயர்த்திக் காட்டி, காரணத்தை உரக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் பத்துப் பத்தாகக் கட்டி, மேலே பெயரெழுதிய துண்டை வையுங்கள். செல்லுபடியானவை 157. இரண்டால் வகுத்துப் பின்னத்தை விட்டு, ஒன்றைக் கூட்டினால் 79. இந்த எண்ணைப் போட்டின் உச்சியில் எழுதி வட்டமிடுங்கள். இறுதிவரை அது மாறாது.

லெனிஹன் 69, ரொபின்சன் 61, கரி 27. கரி நீக்கம். இப்போது கரியின் 27 சீட்டுகளை மட்டும் அவிழ்த்து, 2 யாருக்கு என்று பாருங்கள். ரொபின்சனுக்கு 21, லெனிஹனுக்கு 4, மாற்ற முடியாதவை 2. மாறிய சீட்டுகளைப் பழைய கட்டுகளோடு கலக்காமல் தனிக் கட்டாக அடுக்கின்மேல் வையுங்கள். மீளெண்ண வேண்டி வந்தால் எந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். ரொபின்சன் 82, லெனிஹன் 73. 79ஐத் தாண்டியவர் ரொபின்சன்.

இப்போது காரணத்தைக் கேளுங்கள். கரியின் வாக்காளர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஏன் ரொபின்சன் பக்கம் போனார்கள்? 1922–23 உள்நாட்டுப் போரின் எதிரெதிர்த் தரப்புகளிலிருந்து வந்து, 1990இலும் எதிரெதிராகவே நின்ற கட்சிகள் ஃபியன்னா ஃபோலும் ஃபைன் கேலும். தொழிற்கட்சியோ 1980களில் ஃபைன் கேலுடன் கூட்டரசாங்கத்தில் இருந்தது. ஆக இரண்டாம் விருப்பு, கொள்கையை மட்டுமல்ல, பழைய பகையையும் பழைய கூட்டையும் சேர்த்தே பேசுகிறது.

எங்கே பிழைக்கும்

எல்லா அறையிலும் வரும் பிழை ஒன்று: லெனிஹன், ரொபின்சன் சீட்டுகளிலுள்ள 2களையும் எண்ணத் தொடங்குவது. போட்டியில் நிற்பவரின் சீட்டில் அடுத்த விருப்பு திறக்கப்படுவதேயில்லை. அந்த வாக்கு இன்னும் தன் முதல் ஆளிடமே இருக்கிறது. “கரிக்குப் போட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வாக்கா?” என்ற ஆட்சேபம் இதோடு வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சீட்டும் ஒரே ஒருவருக்குத்தான் எண்ணப்படுகிறது என்பதைக் கட்டுகளைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டாம் விருப்பு அரை வாக்கு என்று நினைப்பவர்களுக்கும் அதே விடை.

கூட்டுத்தொகை இடித்தால் பெரும்பாலும் மாற்ற முடியாத அந்த இரண்டு சீட்டையும் போட்டில் எழுத மறந்திருப்பார்கள். 82, 73, 2 மூன்றையும் கூட்டினால் 157 வர வேண்டும்.

பத்துப் புள்ளடி

பகுதி இரண்டு குறுகியது, ஆனால் இந்தக் காலைப்பொழுதின் மையம் இதுதான். கரிக்கு 1, ரொபின்சனுக்கு 2 என்றிருந்த 21 சீட்டில் பத்தை எடுத்துவிட்டு, கரிக்குப் புள்ளடி மட்டும் போட்ட பத்துச் சீட்டை வையுங்கள். இங்கே பெரும்பாலானோர் செய்வது போல. மீண்டும் எண்ணுங்கள். ரொபின்சன் 72, லெனிஹன் 73. ஒருவரும் 79ஐத் தொடவில்லை. முன்னுக்கு நிற்பவர் லெனிஹன், அவரே ஜனாதிபதி. யாரும் மனம் மாறவில்லை. பத்துப் பேர் இரண்டாம் இலக்கத்தை எழுதவில்லை, அவ்வளவுதான்.

உடனே இலங்கையின் 2024 இலக்கங்களை அருகில் எழுதுங்கள். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. முதலிரு இடத்துக்கு வந்த அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. எஞ்சிய வேட்பாளர்களின் சீட்டுகள் 3,321,666. அவற்றிலிருந்து இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 105,264உம் 167,867உம், ஆக 273,131 மட்டுமே. நூற்றுக்கு எட்டளவு. அயர்லாந்தில் கரியின் சீட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அடுத்தவருக்குப் போயின. சிறுபான்மை வேட்பாளருக்கு வாக்களித்துப் பழகிய தமிழ் வாக்காளர் இந்த இரண்டு வரிகளையும் அருகருகே பார்த்தே ஆக வேண்டும். சட்டம் கொடுத்திருக்கும் உரிமையில் ஒரு பகுதியைச் சாவடியிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நேரமிருந்தால்: நால்வர் போட்டி

மூவர் போட்டியில் அயர்லாந்து முறையும் நம் முறையும் ஒரே முடிவைத் தரும். நால்வர் வந்தால் பிரியலாம். அயர்லாந்தில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்குவார்கள். இலங்கையில் முதலிருவரைத் தவிர எல்லோரும் ஒரேயடியாக நீங்குவர்.

100 சீட்டு: அ 40, ஆ 26, இ 24, ஈ 10. ஈயின் பத்திலும் 2 இக்கு. 3 அவுக்கு ஐந்திலும் ஆவுக்கு ஐந்திலும். ஆவின் 26இல் 2 இக்கு 20, அவுக்கு 6. இயின் 24இல் 2 அவுக்கு 14, ஆவுக்கு 10. அயர்லாந்து முறையில் ஈ நீங்க இ 34 ஆகிறார், ஆ நீங்க இ 54, அ 46, இ வெல்கிறார். இலங்கை முறையில் இயும் ஈயும் சேர்ந்தே நீங்க (ஈயின் சீட்டுகளில் 2 பெற்ற இயும் நீங்கியதால் 3 எண்ணப்படும்), அ 59, ஆ 41, அ வெல்கிறார். சீட்டுகள் அதே சீட்டுகள். எது நியாயம் என்று வாதிக்க விடுங்கள். விடை சொல்லி முடித்துவைக்க வேண்டாம்.

சுவருக்கு

இடைவேளையில் வாசிக்க, 1990இன் அயர்லாந்து பற்றி ஐந்தாறு அட்டைகள் போதும். ஜூன் 25: ஜெனோவாவில் ருமேனியாவுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டத்தில் பக்கி பொனர் தண்ட உதையைத் தடுக்க, டேவிட் ஓலியரி வெற்றிக் கோலை அடித்தார், வழமையான நேரத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமலே அயர்லாந்து கால் இறுதிக்குப் போனது. ஓகஸ்ட் 24: நான்கு ஆண்டுகளுக்கு மேல் பெய்ரூட்டில் பணயக்கைதியாக இருந்த பிரையன் கீனன் விடுதலை. அதே ஆண்டு மரண தண்டனை சட்டத்திலிருந்து முற்றாக நீக்கம். இங்கே 1976க்குப் பின் தூக்கிலிடவில்லை, சட்டத்தில் மட்டும் இருக்கிறது. விவாகரத்து அன்று அங்கே சட்டப்படி இல்லை, 1995 வாக்கெடுப்பு வரை. இது தெரிந்தால்தான் ரொபின்சனின் வெற்றி எத்தனை பெரியது என்று விளங்கும். டிசம்பர் 3: டப்ளின் கோட்டையில் பதவியேற்பு, முதல் பெண் ஜனாதிபதி. புலம்பெயர்ந்தோர் நினைவாக மாளிகை யன்னலில் அவர் ஏற்றிவைத்த விளக்கு பற்றி ஓர் அட்டை எழுதுங்கள். அந்தப் புலம்பெயர்ந்தோருக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ரொரன்ரோவிலும் இலண்டனிலும் உறவுகள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் நின்று பேசுவார்கள்.

“அங்கே 1990, இங்கே 1990” என்று இரு பத்தி போட வேண்டாம். மீண்டும் மூண்ட போரும் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் நடந்த ஆண்டு அது. ஓரட்டையில் அடக்கக்கூடியவை அல்ல. தனி நாள் வேண்டும்.

முடிந்ததும் புள்ளடிச் சீட்டு பத்தையும் தனி உறையிலிட்டு, மாற்றி எடுத்த பத்தையும் பெட்டிக்குள் திரும்பப் போடுங்கள். நால்வர் போட்டிச் சீட்டுகளுக்கு இன்னோர் உறை. அடுத்த குழுவுக்குக் கொடுக்குமுன் 69, 61, 27, 3 என்று ஒருமுறை எண்ணிச் சரிபார்த்து, கட்டுகளை அவிழ்த்து நன்றாகக் கலந்துவிடுங்கள்.