ஓசி (OC) வரைபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள்

சனிக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பிள்ளைகள் சிலருக்கு டிஜிட்டல் ட்ரோயிங் சொல்லிக் கொடுக்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஃபோனில், ஐபிஸ்பெயிண்ட் என்ற வரையும் அப்பில், விரலால்தான் வரைகிறார்கள். நான் பாடமாக எதைக் கொண்டுபோனாலும் இடைவேளையில் அவர்கள் நீட்டும் ஃபோனில் இருப்பது வேறு: நருட்டோ என்ற ஜப்பான் நிஞ்ஜாக் கதையின் உலகத்தில் தாங்களே உண்டாக்கிய ஒரு நிஞ்ஜா, கேமில் ஓடும் நீல முள்ளெலி சோனிக்குக்கு ஒரு தங்கச்சி, பென் டென் கார்ட்டூனின் கடிகாரத்தில் இல்லாத ஒரு ஏலியன், பிடித்த கேமின் வில்லனுக்குப் புது உடுப்பு. இப்படித் தாங்களே உண்டாக்கும் ஆளைத்தான் ஓசி, அதாவது ஒரிஜினல் கேரக்டர், என்கிறார்கள். நானும் அந்த வயதில் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இதையேதான், இதே தவறுகளோடு, செய்துகொண்டிருந்தேன்.

அனட்டமி படியுங்கள், ரெஃபரன்ஸ் பாருங்கள், லேயரைப் பிரித்து வையுங்கள் என்றெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நிறத்தை மட்டும் மாற்றுவது

சோனிக்கை எடுத்து ஊதா அடித்து, முள்நுனியில் வெள்ளைக் கோடு போட்டு, புதுப் பெயர் வைப்பது. தொடங்கும்போது செய்யலாம், கை பழகும். அதோடு நின்றுவிட்டால்தான் வில்லங்கம்.

லூயிஜியைப் பாருங்கள். 1983இல் மாரியோ ப்ரோஸ் கேமில் வந்தபோது அவன் மாரியோவின் அதே உருவம், நிறம் மட்டும் வேறு. பிறகுதான் தம்பிக்கு உயரமும் மெலிவும் வந்தன; அண்ணனைவிட உயரமாகத் தாவுவான், நிற்கும்போது கொஞ்சம் வழுக்குவான் என்ற சுபாவமும் வந்தது. இன்றைக்கு இரண்டு பேரையும் முழுக் கறுப்பாக நிரப்பி வைத்தாலும் யார் எவர் என்று தெரியும். உங்கள் ஓசியையும் அப்படிக் கறுப்படித்துப் பாருங்கள். வெறும் சோனிக் தெரிந்தால் அது சோனிக்தான்.

2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 கேமை விளையாடியவர்களுக்கு இது கண்கூடு. அதில் ஒன்பது வகை ஆட்கள். தூரத்தில் ஓடுகிற நிழலைப் பார்த்தே யாரென்று சொல்லலாம், அதற்காகவே திட்டமிட்டு வரைந்தார்கள்.

ஒரே ஒரு படத்துக்காகப் பிறந்த கதாபாத்திரம்

உண்மையில் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் பக்கவாத்தியம்.

படம் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். ஆள் முக்கால்வாசி இடப்பக்கம் திரும்பி நிற்பான். முடி வலது கண்ணை மூடியிருக்கும், ஏனென்றால் இரண்டாவது கண் சரியாக வராது. ஒரு கை பொக்கெட்டுக்குள், மற்றது முதுகுக்குப் பின்னால். ஒரு தோளில் மட்டும் இரும்புக் கவசம், ஒரு சட்டைக்கை நீளம், மற்றது கிழிந்தது. இடுப்பில் மூன்று பெல்ட், அதன் மேல் சங்கிலி. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பாம்பு பச்சை குத்தியிருக்கும். பார்க்க அழகுதான், லைக்கும் விழும்.

"முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "அது இன்னும் யோசிக்கல்ல அக்கா." சரி, ஓடுகிற மாதிரி ஒன்று வரைந்து காட்டச் சொன்னால் முகம் வாடிவிடும்.

கார்ட்டூன் கதாபாத்திரம் ஆயிரக்கணக்கான தடவை வரையப்படுவதற்காகச் செய்யப்படுவது. படத்தில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். ஒரு ஆள் ஒரு தடவை கும்பிடு போடுவதற்குள் கை வலித்துவிடும். அதனால் அந்தத் தொழிலில் உள்ளவர்கள் எங்கெல்லாம் கோட்டைக் குறைக்கலாம் என்றே பார்த்தார்கள். மிக்கி மவுஸுக்குக் கைக்கு நான்கே விரல். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் காது இரண்டும் அதே முழு வட்டம்; உண்மையான தலையில் அது நடக்காது, ஆனால் யாரும் கேட்பதில்லை. 1981இல் டொங்கி கொங் கேமுக்காக மாரியோவைச் செய்தபோது இருந்தது சில புள்ளிகள்தான். முடி வரைய இடமில்லை, தொப்பி போட்டார்கள். வாய் தெரியாது, மீசை வைத்தார்கள். கை ஆடுவது தெரிய வேண்டும், உடம்பிலிருந்து கையைப் பிரித்துக் காட்டும் ஓவரோல் உடுத்தினார்கள். நருட்டோ கதையை வரைந்த மசாஷி கிஷிமொட்டோ அவன் நெற்றியில் முதலில் மாட்டியது கொகிள்ஸ் கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் அதை வரைய நேரம் போகிறது என்றுதான் இரும்புத் தகடு தைத்த நெற்றிப்பட்டிக்கு மாறினார். நமக்கு இன்றைக்கு நருட்டோ என்றால் அந்தப் பட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இனி ஒரு பக்கக் கவசம், ஒரு பக்கம் மட்டும் பச்சை குத்துவது பற்றிய விஷயம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டைக் கேமில் வரும் சகாட்டின் கண்மூடியைக் கவனித்திருக்கிறீர்களா? ஆள் மறுபக்கம் திரும்பினால் கண்மூடியும் மற்றக் கண்ணுக்குத் தாவிவிடும். ஒரே படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், மெமரி மிச்சம். பெரிய கம்பனியே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரையக் கணக்குப் பார்த்திருக்கிறது. ஃபோனில் விரலால் வரைகிற நமக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு நேரம்?

ஒரு பக்கம் வேறாக இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் என்ற ஜப்பான் கதையில் நாயகன் எட்வர்ட் எல்ரிக்கின் வலது கையும் இடது காலும் இரும்பு. கதையே அதில்தான் நிற்கிறது. அப்படியிருந்தும் அவனுக்குச் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டு, பாதி நேரம் அந்தக் கையை மூடி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆளின் பாம்பு கதையில் ஏதாவது செய்கிறதா? "ஸ்டைலா இருக்கும் என்டு" என்பது பதிலில்லை.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு எரிச்சல் என்றால், காசு போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து, கொமிக் கொன் என்ற ரசிகர் விழா ஒன்றில் விற்பனை மேசை போட ஒரு சின்னக் கொமிக் செய்தார்கள். கதாநாயகன், மேலே சொன்ன அதே பாம்புக்கை ஆள். வரைந்தவன் கெட்டிக்காரன், ஆனால் பக்கங்களை நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்தான். கையில் இருந்தது அந்த ஒரே படம். முன், பக்கவாட்டு, பின் என்று மூன்று நிலையில் ஒரு ஷீட் போட்டுக் கொடுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். "டைம் இல்ல அக்கா, அவங்களுக்கு விளங்கும்."

விளங்கவில்லை. சங்கிலி பெல்ட்டுக்கு மேலா கீழா என்று வட்ஸ்அப் குரூப்பில் இரவு முழுக்கச் சண்டை. ஒருத்தி முதுகில் வாள் உறை இருக்கும் என்று தானாக நினைத்து வரைந்தாள். இன்னொருவன் சில பக்கங்களைப் புரட்டிப் போட்டு நேரம் மிச்சம் பிடித்தான்; பாம்பு வலது கைக்குப் போனது. கடைசி நேரத்தில் அவசரமாக அச்சடித்து, அவசரத்துக்கென்று மேலதிகமாகவும் கட்டி, கொண்டுபோய் மேசையில் அடுக்கினார்கள். முதலில் வந்து புரட்டியது ஒரு ஸ்கூல் பிள்ளை. இரண்டு பக்கத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவர்ட பாம்பு ஏன் கை மாறிட்டு? பவரா?" என்று கேட்டது. பவர் என்றே சொல்லியிருக்கலாம். மானஸ்தன், எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, திருத்தித் திரும்ப அச்சடித்தான். மேசைக் காசு, முதல் அச்சு, இரண்டாவது அச்சு. விற்ற காசு பஸ்ஸுக்குக் காணும்.

ஆகவே பென்சிலைக் கீழே வைக்கும் முன் இவ்வளவு செய்யுங்கள். ஒரே உயரக் கோடுகளின் மேல் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு. அதே ஆள் குந்தியிருப்பது, ஓடுவது, வாய்விட்டுச் சிரிப்பது. பெருவிரல் நகம் அளவுக்கு ஒன்று. பிறகு படத்தை ஒரு நண்பருக்கு அரை நிமிடம் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்டதில் பாதி தேவையற்றது. அவர் விடாமல் வரைந்ததுதான் உங்கள் கதாபாத்திரம். வகுப்பில் இதைச் செய்யும்போது மூன்று பெல்ட்டும் எப்போதும் ஒன்றாகிவிடும்.

"ரியலிஸ்டிக்கா மாத்துறேன்"

2019 ஏப்ரலில் சோனிக் படத்தின் ட்ரெய்லர் வந்தபோது பார்த்திருப்பீர்கள். மனிதப் பல், சின்னச் சின்னக் கண், கையுறை இல்லாத ரோமக் கை, நீட்டிய கால். ரசிகர்கள் கொதித்துப் போக, சில நாளிலேயே டிரெக்டர் உருவத்தை மாற்றப் போவதாக அறிவித்தார். நவம்பரில் வர இருந்த படம் 2020 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. திருத்தும் வேலைக்கு முன்னின்றவர் டைசன் ஹெஸ்ஸி, சோனிக் கொமிக்ஸ் வரைந்து பழகிய கை. அவர் பெரிதாகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கி, கையுறையைத் திருப்பிக் கொடுத்து, உடம்பைச் சுருக்கினார்கள்.

ரீடிசைன் செய்ய முதல், அசலில் எதை எடுத்தால் ஆள் செத்துவிடுவான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று நான்கு விஷயத்துக்கு மேல் வராது. அதைத் தொடாமல் மற்றதை உடையுங்கள்.

எல்லாச் சக்தியும் ஒருத்தனுக்கே

நருட்டோ ஓசி என்றால் ஷரிங்கன் என்ற சக்திக் கண்ணும் வேண்டும், பியாகுகன் என்ற இன்னொரு சக்திக் கண்ணும் வேண்டும், வயிற்றுக்குள் ஒரு வால் மிருகமும் வேண்டும். நருட்டோவின் ஆசான் ககாஷிக்கு இரவல் ஷரிங்கன் ஒன்றுதான், அதைப் பாவித்தால் சக்ரா என்ற உடற்சக்தி வற்றிப் படுத்துவிடுவான். அதனால்தான் அவனைப் பிடிக்கிறது.

நம்மூர்ப் பொட்டு

எரிச்சலில் இரண்டாவது இடம் இதற்கு. ஒரு போக்கிமொனுக்குப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, "ஸ்ரீலங்கன் வேர்ஷன்" என்று போடுவது. போக்கிமொன்காரர்களே 2016இல், சன், மூன் கேம்களில், இதைச் செய்து காட்டினார்கள். கேமில் வரும் அலோலா தீவுகளில் வெயில் தாராளம், எக்ஸெகியூட்டர் என்ற போக்கிமொன் தென்னை மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது. நெருப்பு நரி வல்பிக்ஸ் பனிமலைக்குப் போய் நெருப்பை விட்டு ஐஸ் ஆகி, வெள்ளையாகிவிட்டது. இடம் உடம்பை மாற்றியிருக்கிறது. மாலை போட்டுவிடவில்லை.

நமக்கு இடத்துக்கா பஞ்சம்? வெள்ளவத்தைக் கால்வாய்க்கரையில் பத்து நிமிடம் நின்றால் கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று வராமல் இருக்காது. கபரகொய்யாவை வைத்து போக்கிமொன் செய்யச் சொன்னால் பிள்ளைகள் உடனே றெக்கை வைத்து டிராகன் ஆக்கிவிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள். நீந்தும்போது நான்கு காலையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாலை மட்டும் அசைத்துப் போகும். கரையேறினால் தோளும் இடுப்பும் எதிரெதிர்ப் பக்கம் ஆட, ஊரே தனக்குச் சொந்தம் என்பது போல நடக்கும். இரண்டாகப் பிளந்த நாக்கு நிமிடத்துக்கு நிமிடம் வெளியே வந்து காற்றை மோப்பம் பிடிக்கும். குட்டிக்கு முதுகில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று இருக்கும், வளர வளர மங்கும். இரண்டு நிலைப் பரிணாமம் அங்கேயே இருக்கிறது: புள்ளி போட்ட துடிப்பான குட்டி, பிறகு சேறு நிறத்தில் ஒரு தடியன். றெக்கை எதற்கு?

மற்றவர் பேஸ் மேல் வரைவது

பேஸ் என்பது மற்றவர்கள் மேலே வரைவதற்காக ஒருவர் போட்டுத் தரும் வெற்று உடல் உருவம். அதைப் போட்டவரின் பெயரைப் போடுங்கள். போட மனமில்லையென்றால் வரையாதீர்கள்.

திரையில் பளிச், தாளில் மண்

ஃபோனில் மின்னுகிற நியோன் பச்சையும் மின்சார நீலமும் அச்சு மையில் கிடையாது. ஸ்டிக்கர் கடைக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள், ஒரு ஷீட் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஓடர் பண்ணுங்கள். கறுப்பு வெள்ளையில் ஃபோட்டோ கொப்பி போடப்போகிறீர்கள் என்றால் படத்தை ஒருதரம் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்புச் சட்டை நாயகனும் பச்சைச் சட்டை வில்லனும் ஒரே சாம்பலில் நிற்கக்கூடும்.

விற்பது

வரைந்து நண்பருக்குக் காட்டுவது ஒன்று, கீடேக் அடித்துக் காசு வாங்குவது வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. "மிக்கி இப்ப ஃப்ரீதானே அக்கா" என்று வருகிறவர்களுக்கு: 2024இல் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்தது 1928ஆம் ஆண்டுப் படத்தில் வந்த கறுப்பு வெள்ளை மிக்கிக்குத்தான்; பிந்திய படங்களுக்கு வருடா வருடம்தான் முடிகிறது. அந்த 1928 மிக்கிக்குக் கையுறைகூடக் கிடையாது.

பெயர்

கடைசியில் வையுங்கள். ஜப்பான் மொழியில் "இருள்" என்று அர்த்தம் வருகிற பெயர் ஏற்கெனவே என் வகுப்பில் நான்கு பேரிடம் இருக்கிறது.