மொபைல் கேம் பற்றிக் கட்டுரை எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

மட்டக்களப்பில் ஊடகம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் கட்டுரைகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். இந்த முறையும் பாதிப்பேருக்கு, சுட்டுக்கொண்டு கடைசிவரை தப்பி நிற்கிறவன் வெல்லுகிற ஃப்ரீ ஃபயர் கேம்தான் தலைப்பு. முதல் பந்தியிலேயே “இது வெறும் கேம் அல்ல, பண்பாட்டு நிகழ்வு” என்று தீர்ப்பு வந்துவிடும், நான் படிக்கிற காலத்தில் எழுதினதைப் போலவே. எழுத்துப்பிழைகளை விடுவோம்.

பதிவிறக்கக் கணக்கைச் சான்றாக்குவது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வரும். பிளே ஸ்டோரில் 100 கோடிக்கு மேலாம், ஆகவே பண்பாட்டு நிகழ்வாம்! அந்தக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது. போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே அழித்தவனும் அதற்குள் இருக்கிறான். ஆனால் கல்லடியில் நான் பார்த்த மூன்று சகோதரர்களில் இருவர் அதில் இல்லை. அவர்களுக்கு இருப்பது அம்மாவின் ஒரே போன். அதே மாதிரிக் கேமான பப்ஜி என்றால் 100 பேர், ஒரு மெட்ச் அரை மணித்தியாலம் இழுக்கும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிசத்தில் முடிந்துவிடும். அதனால் ஆளுக்கொரு மெட்ச். செத்தவன் போனைக் கொடுத்துவிட்டு, “மதிலுக்குப் பின்னால பாருடா” என்று கத்துகிறான். சின்னவன் போனுக்குக் காசு ரீலோட் போடக் கடைக்கு ஓடுகிறான். எழுத வேண்டிய விசயம் இங்கே கிடக்க, நம்மவர்கள் கோடிகளை எண்ணுகிறார்கள்.

விளையாடாதவர்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். களுவாஞ்சிக்குடியில் வீட்டில் கேக் செய்து விற்கிற அக்கா ஒருவர், ஐசிங்கில் ஒரு பெட்டிக்கு மூலை பிடித்துக்கொண்டிருந்தார். “என்ன கேமெண்டு எனக்குத் தெரியா தம்பி. வானத்தில இருந்து விழுற பெட்டி ஒண்டு மேல வைக்கட்டாம், பிறந்தநாள் பிள்ளைக்கு.” கேமில் ஆயுதங்களோடு விழுகிற பெட்டி அது. இதுதான் சான்று.

தடையைச் சான்றாக்குவது

“ஒரு நாடே தடைசெய்தது, ஆகவே பண்பாட்டு நிகழ்வு” என்பார்கள். 2020 செப்டெம்பரில் இந்தியா பப்ஜியைத் தடைசெய்தது உண்மை. அன்று தடைபட்டவை மொத்தம் 118 செயலிகள். சொன்ன காரணம் நாட்டின் இறைமையும் பாதுகாப்பும். மற்றவற்றில் எத்தனையின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

“பிள்ளைகள் கெட்டுப்போகுதுகள்”

அது வேறு கட்டுரை.

“உலகமே விளையாடுகிறது”

நம்ம பக்கத்து ஏறாவூரைச் சொல்லுங்கள், போதும்.

நிலைத்தால்தான் கணக்கு என்று நினைப்பது

ஃப்ளாப்பி பேர்ட் என்கிற மொபைல் கேம் 2013 மே மாதம் வந்தது. 2014 பெப்ரவரியில், அதைச் செய்த வியட்நாம்காரர் டொங் நுயென் தானே அதை ஸ்டோர்களிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு வருசம்கூட இல்லை. அதற்குப் பிறகு, அந்த கேம் ஏற்றியிருந்த பழைய போன்களை இணையத்தில் கொள்ளை விலைக்கு விற்கப் பார்த்தார்கள். ஆயுள் குறைவு என்று இதைத் தள்ள ஏலாது. எந்த ஆண்டு, எந்த ஊர் என்று போட்டு எழுதுங்கள். “இன்றும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.