நெல்லைச் சீமைக் கட்டடங்களுக்குக் குளிர்விப்பும் சூடேற்றலும்: எங்கே எது பொருந்தும்

ஏசி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது அறையின் நீள அகலத்தை. தேவையான கேள்விதான், ஆனால் நெல்லைச் சீமையில் அதற்கு முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு உண்டு. கட்டடம் எந்த ஊரில் நிற்கிறது, அதன் கூரை எதனால் போடப்பட்டது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அங்கே ஆள் புழக்கம் இருக்கிறது என்பவை தெளிவாகாமல் வாங்கப்படும் இயந்திரம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், பாதி வேலையைத்தான் செய்யும். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்து போவதற்கு முன்பு ஒரே மாவட்டமாக இருந்த இந்த நிலத்தில், மாஞ்சோலையில் போர்வை தேடும் அதே இரவில் உவரியில் வேர்த்துக் கொட்டும். மானூரில் வறண்ட காற்று அடிக்கும் அதே ஆனி மாதப் பிற்பகலில் குற்றாலத்தில் சாரல் விழும். இத்தனைக்கும் பொதுவான ஒரு சிறந்த கருவி கிடையாது.

முதலில் காற்றின் ஈரத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஏர்கூலரா ஏசியா என்பதைப் பணத்தைவிட அதிகமாக அதுதான் முடிவு செய்கிறது. ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றின் சூட்டைக் குறைக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாவதும் குறைந்துவிடும். சங்கரன்கோவில், மானூர், நாங்குநேரி போன்ற வறண்ட வட்டாரங்களில், சித்திரைப் பிற்பகல் ஒன்றில் காற்று 38 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் 30 சதவீத ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 24 டிகிரியைக் காட்டும்; தண்ணீர் ஆவியாவதால் மட்டும் எட்டக்கூடிய குளிர்ச்சியின் எல்லை அதுதான். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள 14 டிகிரியில் முக்கால் பங்கை ஒரு நல்ல கூலர் குறைத்துவிடும் என்பதால், அதிலிருந்து வரும் காற்று 27, 28 டிகிரியில் இருக்கும். அதே கூலரைத் திருச்செந்தூரில், 34 டிகிரி சூடும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஓட்டினால், ஈர வெப்பமானியே 29 டிகிரியில் நின்றுவிடும். கூலரின் காற்று 30 டிகிரியில், புழுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே கடற்கரை ஊர்களில் கூலர் வாங்குவதை வீண் செலவு என்றே சொல்லலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் அது பங்குனி, சித்திரையில் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உதவாது.

கூலர் ஓடும் அறையின் ஜன்னல்களைச் சாத்திவிடுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. கூலருக்கு வெளிக்காற்று வேண்டும். அது உள்ளே தள்ளும் ஈரக் காற்று வெளியேற எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் தலையணை உறைகூட நசநசத்துப் போகும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதன் பட்டைகளில் வெள்ளைப் படிவம் கட்டி, காற்று நுழையும் வழி அடைபடும். தாமிரபரணிக் குடிநீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. எந்தத் தண்ணீரானாலும் வாரம் ஒரு முறை தொட்டியை முழுவதும் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனெனில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

அடுத்து வருவது கூரை. என் கணிப்பில் இந்த வட்டாரத்து மாடி வீடுகளில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது இதுவே. கான்கிரீட் தட்டட்டி, அதாவது மொட்டைமாடித் தளம், பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல மெல்ல அறைக்குள் இறக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஸ்டூலில் ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உள்சுவரைவிடக் கூரை தெளிவாகச் சுட்டால், கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு கூரைக்கே போக வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றைக்கும் நல்ல முறைதான். அதற்கு வசதி இல்லாதவர்கள் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம்; புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, மேலே விழும் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பிவிடும், பழைய வெற்றுக் கான்கிரீட்டோ பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில் அடித்தால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். புழுதி படிந்தால் அதன் பயன் குறைவதால் ஆண்டுக்கு ஒரு முறை கழுவிவிட வேண்டும். தட்டட்டியில் கீற்றுப் பந்தல் போடுவதும் குளிர்ச்சி தரும். ஆனால் ஆடிக் காற்றில் அது பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதையும், தீப்பிடிக்கும் ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவர்களைப் பற்றி ஒரு செய்தி. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று வடநாட்டுக் கட்டடக் குறிப்புகளைப் படித்தவர்கள் சொல்வார்கள். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆகவே கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் நிழற்பலகை வேண்டும். இருந்தாலும் மிகப் பெரிய சூடு மேற்குச் சுவரின் வழியாக வருவது என்பதில் மாற்றமில்லை. படுக்கை அறையை மேற்கில் வைத்துவிட்டவர்கள் அந்த ஜன்னலுக்கு வெளிப்புறமாகத் தட்டி கட்டுவது, உள்ளே திரைச்சீலை மாட்டுவதைவிடப் பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை தடுப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏசி தேவை என்றால் அதன் அளவைப் பார்க்கலாம். ஏசிக்குச் சொல்லும் ஒரு டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. ஏறக்குறைய 900 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அகற்றும் திறன் அது, அதாவது 3.5 கிலோவாட். கீழ்த்தளத்தில், நிழல் உள்ள 120 சதுர அடிப் படுக்கை அறைக்கு 1 டன் போதும். அதே அறை வெறும் தட்டட்டியின் கீழ், மேற்குச் சுவரோடு இருந்தால் 1.5 டன் கேட்கும். எதற்கும் இருக்கட்டும் என்று கடற்கரை ஊரில் இரண்டு டன் வாங்கிவிடுவதும் தவறு. அளவுக்கு மீறிய ஏசி அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை வடிக்கப் போதிய நேரம் ஓடாது. அறை சில்லென்று இருக்கும், உடம்பு மட்டும் பிசுபிசுக்கும்.

இன்வெர்ட்டர் ஏசி, தேவைக்கேற்பத் தன் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இரவு முழுவதும் ஓடும் படுக்கை அறைக்கும் பகல் முழுவதும் திறந்திருக்கும் அலுவலகத்துக்கும் அதன் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும் கூட்ட அறைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மின்சிக்கன லேபிளில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல், அதில் அச்சிட்டிருக்கும் திறன் எண்ணையும் அது செல்லும் காலத்தையும் பார்க்க வேண்டும். விதிகள் இறுகிவருவதால் சில ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன; மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் 26 டிகிரியே போதும். இரண்டு மாத வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படிகளுக்கும் கட்டண விகிதம் மாறுகிறது என்பதால், இந்த இரண்டு டிகிரி வித்தியாசம் அற்பமானதல்ல. பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும் இடத்தில் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டியே இழுக்கும். வீட்டில் நாள் முழுவதும் சுற்றும் விசிறிகளை முதலில் மாற்றிவிட்டு, பிறகு ஏசியைப் பற்றி யோசிப்பது நல்லது.

தார்சா என்ற முன்தாழ்வாரமும் பட்டாசல் என்ற கூடமும் முற்றமும் உள்ள பழைய வீடுகளுக்கு வழி வேறு. அந்த வீட்டின் குளிர்ச்சிக் கருவியே முற்றம்தான். சூடான காற்று அதன் வழியாக மேலே போக, தெருப்பக்கத்துக் காற்று உள்ளே இழுபடும். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து கம்பி போடுவதில் தவறில்லை. அதன்மேல் பிளாஸ்டிக் தகடு வைத்து மூடியபின் வீடு வேகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. மழைக்காகத் தகடு போட்டே ஆக வேண்டுமென்றால், நான்கு பக்கமும் ஓரடி இடைவெளி விட்டு உயர்த்திப் போட வேண்டும். ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று ஓடிவிடும் என்பதால், மச்சு (ஓட்டுக்குக் கீழே மரப்பலகைத் தளம்) போட்ட ஓர் அறையை மட்டும் தேர்ந்து அதற்கு ஏசி வைப்பதே முறை. ஓட்டின் கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பவர்கள், உத்திரத்தில் கரையான் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு திறப்பு விடாமல் மூடிவிடக் கூடாது. ஒரே வளாகத்தில் வரிசையாகக் கட்டிய வளவு வீடுகளில் இரு பக்கமும் சுவர் ஒட்டியிருக்கும். முன்வாசலுக்கு நேராகப் பின்கட்டில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து மாலையில் ஓட்டினாலே பாதிப் புழுக்கம் போய்விடும்.

ஏசியில் வெளியே மாட்டும் யூனிட்டுக்கும் ஊருக்கேற்ற கணக்கு உண்டு. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று அதன் மெல்லிய தகடுகளை அரித்துவிடும். அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்கி, கடலை நேரே பாராத சுவரில் மாட்டி, மாதந்தோறும் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். தென்காசி, ஆலங்குளம் பக்கத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை மேலைக்காற்று பலமாக வீசுவதால், யூனிட்டின் விசிறி மேற்கு நோக்கி இருந்தால் அது தள்ளும் சூட்டைக் காற்று திருப்பித் தள்ளும். அங்கே வடக்கு அல்லது தெற்குச் சுவர் பொருந்தும். உண்மையைச் சொன்னால், அந்தக் காற்று வீசும் மாதங்களில் தென்காசியில் ஏசிக்கு அதிக வேலையும் இருப்பதில்லை.

பெரிய கூடங்களில் ஆள்கணக்கே முதன்மையானது. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 500 பேர் அமர்ந்த கல்யாண மண்டபத்தில் மனிதர்களால் மட்டும் 50 கிலோவாட், அதாவது 14 டன். கூரையும் விளக்குகளும் திறந்து மூடும் கதவும் இதற்கு மேல். இப்படிப்பட்ட மண்டபத்துக்கு ஒரே பெரிய இயந்திரத்தைவிட, தனித்தனியாக ஓட்டக்கூடிய சில டக்ட் (குழாய் வழியே காற்றை அனுப்புவது) அல்லது கேசட் (உட்கூரையில் பதிப்பது) யூனிட்டுகள் நல்லது. முகூர்த்த நேரத்தில் எல்லாவற்றையும், நிச்சயதார்த்தம் போன்ற சிறிய விசேஷங்களில் பாதியையும் ஓட்டலாம், ஒன்று பழுதானாலும் மானம் போகாது. ஜெனரேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை முன்பே கேட்டுவிட வேண்டும். பக்கங்கள் திறந்த மண்டபங்களில் ஏசியை நினைக்கவே வேண்டாம். 20 அடி விட்டமுள்ள பெரிய விசிறிகளே அங்கே பொருந்தும். பாளையங்கோட்டையின் பழைய பள்ளிக் கட்டடங்களில் இருக்கும் தடித்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம் ஆகியவை வகுப்பறைக்கு இன்றும் நல்ல இலக்கணம். ஸ்பிளிட் ஏசி அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பதால், ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைச் சாத்திவைத்து அதை ஓட்டினால் பிற்பகலில் பாடம் கேட்பவர் குறைவாகவே இருப்பர். அறுவை அரங்குக்கு ஸ்பிளிட் ஏசி கூடவே கூடாது. மணிக்கு 20 முறையாவது வடிகட்டிய காற்று மாற வேண்டிய இடம் அது, துறை அறிந்தவர் வடிவமைக்க வேண்டியது.

கிடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். களக்காட்டு வாழைத்தாரை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் காயின் தோல் கறுத்துவிடும்; எனவே பொதுவான குளிர்கிடங்கு அதற்கு ஆகாது, வீட்டு ஏசியாலும் முடியாது. உடன்குடிக் கருப்பட்டிக்குக் குளிர்ச்சியைவிட ஈரம் படாமல் காப்பதே முக்கியம். அல்வா கிண்டும் அடுப்படிக்கு ஏசி வைப்பது பணத்தைப் புகைபோக்கியில் விடுவதற்குச் சமம். அடுப்புக்கு மேலே புகைக்கூண்டும் எக்ஸாஸ்டும் வைத்து, எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி விட்டால் போதும்.

சூடேற்றல் என்றால் சமவெளியில் அது குளிக்கும் வெந்நீரோடு முடிந்துவிடும். வெயில் மிகுந்த ஊர்களில் சோலார் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் போர்த் தண்ணீர் கடினமாக இருந்தால் கண்ணாடிக் குழாய்களில் படிவம் கட்டும். அத்தகைய இடங்களில் குளிக்கிற தண்ணீரும் வெயிலில் சூடாகும் தண்ணீரும் தனித்தனியே ஓடும், வெப்பமாற்றி உள்ள தட்டை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். குற்றாலத்து விடுதிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு: அறைகள் நிறைவதும் வெந்நீர் கேட்பதும் சாரல் காலத்தில், அப்போதுதான் வானம் மூடியிருக்கும். சோலாரை மட்டும் நம்பிய விடுதியில் அந்த மாதங்களில் கீசர்தான் ஓடும். காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து நீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப், அதே வெந்நீருக்குக் கீசரின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே எடுக்கும் என்பதால், இருபது அறைகளுக்கு மேல் உள்ள விடுதிகள் அதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி போன்ற மலைப்பகுதிகளில் மார்கழி, தை இரவுகளுக்கு அறையைச் சூடேற்றத் தேவைப்படும். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, தரையில் கனமான விரிப்புப் போட்ட பிறகு, எண்ணெய் நிரப்பிய மின்ஹீட்டர் ஒன்றே சிறிய அறைக்குப் போதும்; மின்னழுத்தம் நிலையாக உள்ள இடத்தில் குளிர், சூடு இரண்டும் தரும் ஏசி மின்சாரத்தை இன்னும் மிச்சப்படுத்தும். ஹீட்டருக்குத் தனி வயரும் நல்ல எர்த்தும் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக் கூடாது. மூடிய அறைக்குள் கரி அடுப்போ விறகுக் கணப்போ வைத்துத் தூங்குவது எந்த நிலையிலும் கூடாது: அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கணப்பு மூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெளித்திண்ணையில் மூட்டி, படுக்கப் போகும்போது அணைத்துவிட்டு உள்ளே வர வேண்டும்.