தரைக்கட்டம் வரைந்து பெர்ஸ்பெக்டிவ் பழகுவோம்

தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும் என்பது படம் வரையத் தொடங்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த மறைபுள்ளியை வைத்து இரண்டு கோடு இழுத்தால் தண்டவாளம் வந்துவிடும். குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில்தான் திண்டாட்டம். முதல் கட்டைக்கும் இரண்டாவது கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? அதற்கடுத்து எவ்வளவு குறைப்பது? பெரும்பாலும் குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிறோம், படம் ஏதோ சரிந்தாற்போல நிற்கிறது.

தூரத்தைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறையில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம். தண்டவாளத்துக்குப் பதில் சதுரக் கட்டம் போட்ட தரையை வரைந்து பழகுவோம். மறைபுள்ளியைவிட இதுவே முக்கியம் என்பது என் எண்ணம். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதை முடிவு செய்யாமல் இந்த இடைவெளி கிடைக்காது.

கொஞ்சம் வரலாறு

இத்தாலியின் சியேனா நகரில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1344-இல் வரைந்த ஓவியம் ஒன்றில், தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்கிறார். அதன் தரைக்கட்டக் கோடுகள் ஏற்கனவே ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன. ஆக, கோடுகள் கூடும் என்பது அப்போதே பிடிபட்டுவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி ஒரு சோதனை செய்தார். பேராலயத்தின் நடுவாசலுக்குச் சற்று உள்ளே நின்று, எதிரே தெரியும் ஞானஸ்நான மண்டபத்தைச் சிறு பலகையில் வரைந்தார். வானம் இருக்கவேண்டிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளி. பிறகு பலகையில் ஒரு துளை போட்டார். படம் இருக்கும் பக்கம் அந்தத் துளை பருப்பளவுதான், பின்பக்கம் விரிந்திருக்கும். பின்னாலிருந்து துளையில் கண்ணை வைத்து, எதிரே கண்ணாடியைப் பிடித்தால் கண்ணாடிக்குள் ஓவியம் தெரியும், வெள்ளியில் நிஜ மேகங்கள் நகரும். அவருடைய வரலாற்றை எழுதிய அந்தோனியோ மனெத்தி அந்தப் பலகையைத் தன் கையிலேயே வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். பலகை இன்று இல்லை. எனக்குப் பிடித்தது அந்தத் துளைதான். இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் படம் சரி என்று பார்ப்பவரின் கண்ணையே பிடித்து நிறுத்திவிட்டார்!

இதை ஓவியர்களுக்கான செய்முறையாக எழுதி வைத்தவர் லியோன் பத்திஸ்தா அல்பர்ட்டி, 1435-இல். கீழே நாம் போடப்போவது அவருடைய தரைதான். அவர் பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தனியாகப் போட்டு இடைவெளிகளை எடுத்தார். நாம் தூரப் புள்ளி (பார்ப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் காட்டும் புள்ளி) என்ற குறுக்குவழியில் போவோம். 1505-இல் ழான் பெலரன் தூல் நகரில் அச்சிட்ட நூலில் இந்தப் புள்ளிகள் வருகின்றன. விடை இரண்டிலும் ஒன்றுதான்.

தேவையானவை

இரண்டு ஏ4 தாள், கூர்மையான எச்பி பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், இரண்டு முழம் நூல், கொஞ்சம் செலோடேப்.

படி 1: அடிக்கோடும் கண்மட்டமும்

தாளைப் படுக்கை வாக்கில் வையுங்கள். கீழ் ஓரத்திலிருந்து 4 செ.மீ. மேலே, நடுவாக, 18 செ.மீ. நீளத்தில் அடிக்கோடு. அதில் 3 செ.மீ.க்கு ஒன்றாகக் குறியிட்டால் ஆறு பங்கு, ஏழு குறிகள்.

அல்பர்ட்டி ஒரு பங்கை ஒரு பிராச்சோ என்று கொண்டார். ஃப்ளோரன்ஸ் அளவில் அது சுமார் 58 செ.மீ. மனிதன் மூன்று பிராச்சோ உயரம், அதாவது கிட்டத்தட்ட 175 செ.மீ. நம் படத்திலும் ஆள் மூன்று பங்கு உயரம், அதாவது 9 செ.மீ. பார்ப்பவரின் கண்ணும் அதே உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம், அதுதான் கண்மட்டம். ஆகவே அடிக்கோட்டுக்கு 9 செ.மீ. மேலே, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லிய கண்மட்டக் கோடு போடுங்கள்.

படி 2: மறைபுள்ளி

கண்மட்டக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. ஏழு குறிகளையும் அதனோடு இணையுங்கள். அழுத்தி வரையாதீர்கள், பாதிக் கோடுகளைப் பிறகு அழிக்க வேண்டியிருக்கும்.

சுவரில் வரைந்தவர்கள் இந்தப் புள்ளியில் ஆணி அடித்து நூல் கட்டி இழுத்தார்கள். மிலானில் லியோனார்டோ வரைந்த கடைசி இராவுணவில், இயேசுவின் வலது நெற்றிப்பொட்டில் அந்த ஆணித்துளை இன்னும் இருக்கிறது. ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த திரித்துவ ஓவியத்திலும் சாந்தில் கீறிய வழிகாட்டிக் கோடுகளைக் காணலாம். அதன் மறைபுள்ளி சிலுவையின் அடியில், கீழே நின்று பார்ப்பவரின் கண் மட்டத்திலேயே இருக்கிறது.

படி 3: தூரப் புள்ளி

கண்மட்டக் கோட்டின் மேலேயே, மறைபுள்ளிக்கு வலப்புறம் 12 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். அடிக்கோட்டின் இடது மூலையிலிருந்து இந்தப் புள்ளிக்கு ஒரு சாய்கோடு. அது, மறைபுள்ளிக்குப் போகும் மற்ற ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாக வெட்டும். வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் அடிக்கோட்டுக்கு இணையாகப் படுக்கைக் கோடு போடுங்கள். அவ்வளவுதான், தரை வந்துவிட்டது.

ஸ்கேலால் அளந்து பாருங்கள். அடிக்கோட்டிலிருந்து அந்தக் கோடுகளின் உயரம் 1.8, 3, 3.9, 4.5, 5, 5.4 செ.மீ. என்று வரவேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

சரி, எதற்கு இந்தச் சாய்கோடு? சதுரக் கட்டம் போட்ட தரையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டால், அது ஒவ்வொரு கட்டத்தின் மூலை வழியாகவும் நேராகப் போகும். படத்திலும் அது வளையக்கூடாது. சோதித்துப் பார்க்க, அடிக்கோட்டின் வலது மூலையிலிருந்து பின்வரிசையின் இடது மூலைக்கு ஸ்கேலை வையுங்கள். வழியில் உள்ள எல்லா மூலைகளையும் அது தொடவேண்டும். தன் தரையைச் சரிபார்க்க அல்பர்ட்டி சொன்ன வழியும் இதுவே.

குத்துமதிப்பு எங்கே சறுக்குகிறது

ஒவ்வொரு வரிசையையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போவது அந்தக் காலத்தில் சிலருடைய வழக்கம். அல்பர்ட்டி அதைத் தவறு என்றே எழுதினார். நம் அளவிலேயே போட்டுப் பார்க்கலாம். முதல் வரிசை 1.8 செ.மீ., இரண்டாவது 1.2. இதுவரை நம் தரையோடு அச்சாகப் பொருந்துகிறது! மூன்றாவது 0.8 ஆகிறது, ஆனால் வரவேண்டியது 0.86. நான்காவது 0.53, வரவேண்டியது 0.64. மூலைக்கோடு இங்கிருந்து வளையத் தொடங்கும். அப்புறம் நூறு வரிசை போட்டாலும் மொத்த உயரம் 5.4 செ.மீ.யைத் தாண்டாது. கண்மட்டமோ 9 செ.மீ.யில் இருக்கிறது. முடிவில்லாமல் நீளவேண்டிய தரை பாதி வழியில் சுவரில் முட்டியது போல நின்றுவிடும்.

முதல் வரிசையின் அளவையே அவர்கள் மனம்போன போக்கில் எடுத்தார்கள், அதனால் பார்ப்பவரின் இடம் அவர்களுக்கே தெரியாது என்பது அல்பர்ட்டியின் முக்கியக் குறை.

படி 4: தள்ளி நில்லுங்கள்

நம் தரையைச் சற்று நேரம் பாருங்கள். முன்வரிசைக் கட்டங்கள், அதிலும் ஓரத்தில் இருப்பவை, இழுத்துவிட்டாற்போலத் தெரியும். மறைபுள்ளிக்கும் தூரப் புள்ளிக்கும் இடையே உள்ள 12 செ.மீ.தான் தாளுக்கும் கண்ணுக்கும் இருக்கவேண்டிய தூரம். அவ்வளவு கிட்டத்தில் யாரும் படம் பார்ப்பதில்லை.

இரண்டாவது தாளை வலப்பக்கம் ஒட்டி, கண்மட்டக் கோட்டை அதன் மேலும் நீட்டுங்கள். மறைபுள்ளியிலிருந்து 36 செ.மீ. தள்ளிப் புதிய தூரப் புள்ளி. இடது மூலையிலிருந்து ஸ்கேல் எட்டாது, நூலை இழுத்துப் பிடித்து, வெட்டும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஆறு வரிசையும் 3 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். தரை அமைதியாகப் படுத்திருக்கும். 36 செ.மீ. என்பது தாளைக் கையில் பிடித்துப் பார்க்கும் தூரம்தானே.

படி 5: ஆட்களை நிறுத்துங்கள்

தரையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஓர் ஆளின் பாதத்தைக் குறியுங்கள். தலை உச்சி கண்மட்டக் கோட்டைத் தொடும்படி உடலை வரையுங்கள். முன்னால் நின்றாலும் கடைசி வரிசையில் நின்றாலும் தலைகள் ஒரே கோட்டில்தான், பாதங்கள் மட்டுமே மேலேறும். அந்தந்த இடத்துக் கட்டத்தின் அகலத்தை அளந்தால் ஆளின் உயரம் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். குழந்தைக்கு இரண்டு மடங்கு போதும்.

இது கைவந்ததும் கண்மட்டத்தை 6 செ.மீ.க்கு இறக்கி முதலிலிருந்து வரையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் காட்சி அது. இப்போது நிற்பவர்களின் தலை கோட்டுக்கு மேலே போய்விடும். ஒவ்வொருவர் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்கு மேலே, இரண்டு பங்கு கீழே. முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்.