ஊட்டிக்கு வருகிறவர்கள் குன்னூரில் இறங்குங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "ஊட்டிக்கு வர்றோம், ரூம் எங்கே போடலாம்?" குன்னூரில் போடுங்கள் என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஊட்டிக்கு டிக்கெட் எடுத்தவரைக் குன்னூரில் இறங்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ, அந்த மௌனம். இருபத்தேழு வருஷம் இந்த மலையில் கண்டக்டராக இருந்தவனுக்கு அந்தப் பார்வை பழக்கம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மச்சினன் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. என்னைக் கேட்காமல் ஊட்டியில் இரண்டு இரவு, குன்னூரில் ஒன்று, கோத்தகிரியில் ஒன்று என்று அறை போட்டிருந்தார். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாட்கள் போயின. கோத்தகிரிக்குப் பத்து மணிக்கே போய்விட்டார்கள். அறை பன்னிரண்டுக்குத்தான் என்று உட்காரவைத்துவிட்டார்கள். சாமான்களைப் போட்டுவிட்டுக் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடி, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரே இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, தினம் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவதுதான் இந்த மலைக்குச் சரி. அதற்குக் குன்னூர்தான் வாகு. ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர், கோத்தகிரி 21, மேட்டுப்பாளையம் 34. மூன்று ஊருக்கும் இங்கிருந்தே நேர் பஸ் உண்டு. குளிரும் கணக்குதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர் அளவில். ஜனவரியில் ஊட்டிப் புல்லில் உறைபனி உப்புத் தூவியது போலக் கிடக்கும்போது, இங்கே ஸ்வெட்டரும் ஒரு கம்பளியும் போதும். வயதானவர்கள் இருந்தால் இதை மட்டுமாவது யோசியுங்கள்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் கீழ்க் குன்னூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் பக்கத்திலேயே. சத்தம் இருக்கும், ஆனால் கால் தப்பிக்கும். மேலே பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா பக்கம் அமைதி. பள்ளத்தாக்கு தெரிகிற அறை என்று சொன்னால், எத்தனை படி ஏறணும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம், எந்த நாள் எங்கே என்று ஊரிலேயே எழுதிக்கொண்டு வராதீர்கள். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்து வானத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அன்றைக்குக் காட்சிமுனைதான், வேறு பேச்சே இல்லை. சமவெளியிலிருந்து மேகம் ஏறி வருவதற்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு டால்பின் நோஸில் நின்றால் எதிர்மலையில் கேத்தரின் நீர்வீழ்ச்சி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். வரும் வழியில் லேம்ஸ் ராக். மதியத்துக்குள் அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் சிம்ஸ் பூங்கா. 1874இல் தொடங்கிய தோட்டம், மரங்களுக்காகவே போகலாம்.

இன்னொரு தெளிந்த நாள் கிடைத்தால் கோத்தகிரி. முதலில் நேராகக் கோடநாடு போங்கள். கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் விரித்துப் போட்ட பாய் போலத் தெரியும். திரும்பும்போது கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவைப் பாருங்கள். 1819இல் இந்த மலைக்கு வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய வீடு, இப்போது ஆவணக் காப்பகம். மேகம் வந்தாலும் வீடு மறையாது, அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

காலையிலேயே மேகம் மூடியிருந்தால் ஊட்டி. ஆனால் சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். போகும்போது ரயிலில் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் ஏற இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வேறு வண்டிகளும் இருப்பதால் வாய்ப்பு அதிகம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும். செங்குத்தில் எஞ்சின் பல் கடித்து ஏறுகிற பல்சக்கரத் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடும் என்பதால் இந்தப் பகுதியில் அது இருக்காது. அதைப் பார்க்க ஆசை என்றால் மேட்டுப்பாளையம் வண்டி வரும் நேரத்தில் குன்னூர் நிலையத்தில் நில்லுங்கள், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஊட்டியில் தாவரவியல் பூங்காவை மட்டும் நிதானமாகப் பாருங்கள், பஸ்ஸில் திரும்புங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், ஆனால் மூடான நாளில் அங்கே உங்கள் செருப்பே உங்களுக்குத் தெரியாது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். கடைசி டிரிப் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல. சில வண்டி கிராமத்திலேயே நைட் ஹால்ட் போட்டுவிடும். போர்டைப் பார்த்து அது குன்னூர் திரும்பும் என்று நம்பி நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இது எங்கள் ஆட்களுக்காக.

காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம், 2024 மே 7 முதல். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, ஊட்டியிலிருந்து இறங்குவது கோத்தகிரி வழி என்று திருப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டுப் பாட்டிலையே கொண்டுவாருங்கள்.

ஜூன், ஜூலையில் கூடலூரும் ஊட்டியின் மேற்குப் பக்கமும் நனைந்து ஊறும்போது இங்கே பெரும்பாலும் தூறலோடு போய்விடும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அடிக்கும், மண் சரிந்தால் ரயில் நிற்கும். அந்த மாதங்களில் வந்தால் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

கடைசி நாள் வர்க்கி, அதாவது இந்த மலையின் மொறுமொறு பிஸ்கட், வாங்கினால் டிபன் டப்பாவில் போடுங்கள், கவரில் வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் தூள். இறங்கும் வழியில் பர்லியார் வரும். சீசன் இருந்தால் மங்குஸ்தான் விற்பார்கள். பஸ்ஸுக்குள் வைத்தே உரியுங்கள், வெளியே குரங்கு காத்திருக்கும்.