ஈருறுப்புப் பரவலை வைத்து ஒரு விகிதத்தைச் சோதிப்பது எப்படி?

'இந்த விதைகளில் 90% முளைக்கும்' என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. 20 விதைகளை ஊன்றினால் 15தான் முளைத்தன. அச்சிட்டது தவறா, இல்லை தற்செயலாக இப்படி அமைந்துவிட்டதா? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இதற்கு உதவுவது ஈருறுப்புப் பரவல் (binomial distribution): இரண்டே முடிவுகள் உள்ள சோதனையைப் பலமுறை செய்தால், ஒரு முடிவு எத்தனை முறை வரும் என்பதன் நிகழ்தகவுகளை அது தரும். முதலில், அது இங்கே பொருந்துமா என்று பாருங்கள். முளைக்கும், முளைக்காது என இரண்டே முடிவுகள். எண்ணிக்கை முன்பே முடிவானது. எல்லா விதைக்கும் ஒரே வாய்ப்பு. ஒன்றின் முடிவு மற்றொன்றைப் பாதிக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் கவனம் வேண்டும்: ஒரே தட்டில் பூஞ்சை பரவிப் பக்கத்து விதைகளும் அழுகினால், அவை 20 தனித்தனிச் சோதனைகள் ஆகா.

படி 1: கருதுகோள்களை எழுதுங்கள். இன்மைக் கருதுகோள் (சோதித்துப் பார்க்கும் கூற்று): முளைப்பு விகிதம் 0.9. மாற்றுக் கருதுகோள்: 0.9ஐ விடக் குறைவு. 'குறைவு' என்ற திசையை, விதை ஊன்றும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு திசையைத் தேர்ந்தெடுத்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

படி 2: முக்கியத்துவ மட்டத்தையும், அதாவது நிகழ்தகவு எந்த எல்லைக்குக் கீழே போனால் கூற்றை நிராகரிப்பது என்பதையும், முன்பே குறியுங்கள். இங்கே 5%.

படி 3: இன்மைக் கருதுகோள் உண்மை என்றே வைத்துக்கொண்டு நிகழ்தகவைக் கணக்கிடுங்கள். சரியாக 15 முளைக்க:

15504 × 0.9^15 × 0.1^5 = 0.0319

(20 விதைகளில் முளைக்காத 5 எவை என்பதற்கு 15504 வழிகள் உண்டு.)

இதோடு நிறுத்திவிடாதீர்கள். 14, 13, 12 எனக் கீழே உள்ள எல்லாவற்றின் நிகழ்தகவையும் கூட்ட வேண்டும். ஏன்? 1000 விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் உண்மையிலேயே 0.9 என்றாலும், சரியாக 900 முளைப்பதற்கான நிகழ்தகவு சுமார் 4%தான். மிகவும் எதிர்பார்க்கத்தக்க முடிவே 5%க்குள் அடங்கிவிடுகிறது! விதைகள் அதிகமானால், எந்தத் தனி எண்ணின் நிகழ்தகவும் சிறியதாகவே இருக்கும். அதை வைத்து எதையும் நிராகரிக்க முடியாது. 'இந்த அளவோ, இதைவிட மோசமாகவோ' என்ற கூட்டுத்தொகைதான் பி-மதிப்பு. நம் கணக்கில் அது 0.0432. எக்செல்லில் பைனாம்.டிஸ்ட் சார்புக்கு 15, 20, 0.9, ட்ரூ என்று கொடுத்தால் இதே விடை வரும்.

படி 4: 0.0432 என்பது 0.05ஐ விடச் சிறியது. எனவே 90% என்ற கூற்றை நிராகரிக்கிறோம்.

ஒரே ஒரு விதை கூடுதலாக, 16 முளைத்திருந்தால்? பி-மதிப்பு 0.133. நிராகரிக்க முடியாது. ஆனால் 90% என்பது நிரூபணமாகிவிட்டதாக அதற்குப் பொருளில்லை. உண்மை விகிதம் 80% ஆக இருந்தாலும், 20 விதைச் சோதனை அதைக் கண்டுபிடிக்க 37% வாய்ப்புதான் இருக்கிறது. 100 விதைகளை ஊன்றி, 84 அல்லது அதற்குக் குறைவாக முளைத்தால் நிராகரிப்பது என்று வைத்தால், அந்த வாய்ப்பு சுமார் 87% ஆக உயரும். ஆகவே எத்தனை விதை என்பதை முதலிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள்.