ஏலக்காய்க் கடைக்கு ஒரு மெயில் சர்வர்

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை, அதற்கு மலைமேல் இரண்டு ஸ்டோர், எல்லாமாகப் பதினான்கு மெயில் பெட்டிகள். ஆறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் மேல் மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன. மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட், குப்பையைப் பிரிக்கவும், மெயில் நம் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்துப் போடவும் ஆர்ஸ்பேம்டி. இவற்றை நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. தொல்லையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

சர்வரைக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார் முதலாளி. சாரல் காலத்தில் குமுளியில் கரண்ட் படும் பாடு அவருக்கே தெரியும். ஆனால் கரண்டுக்காக நான் பயப்படவில்லை. ஒரு ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் மெயில் தொலைந்து போகாது. அனுப்பிய சர்வர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அப்படி 5 நாள் பொறுக்கும். வில்லங்கம் பிராட்பேண்ட் ஐபியில். அது மாறிக்கொண்டே இருக்கும், சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான போர்ட் 25 பெரும்பாலும் அடைத்திருக்கும், வீட்டு இணைப்பிலிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் நிலையான ஐபியோடு ஒரு விபிஎஸ், அதாவது டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுங்கள். 2 ஜிபி ராம் போதும், கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் போடாத வரை. அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் தின்னும். வருஷச் சந்தா கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். வெளியே போகும் போர்ட் 25 திறந்திருக்கிறதா? ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை நான் மாற்றிக்கொள்ள முடியுமா? ஒருமுறை கேட்காமல் கட்டினேன். அந்தக் காசு போனது போனதுதான்.

அப்புறம் டிஎன்எஸ், அதாவது பெயருக்கு ஐபி சொல்லும் முகவரிப் புத்தகம். டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவு சர்வரின் பெயரைச் சொல்ல வேண்டும், பெயர் ஐபியைச் சொல்ல வேண்டும், ஐபியைத் திருப்பிக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஹலோ சொல்லும்போதும் அதே பெயர்தான். நம் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்று இருக்கலாம். பழையதை அழிக்காமல் இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது. டிகேஐஎம் சாவி 2048 பிட் என்றால் அதை டிஎன்எஸ்ஸில் வைக்கும் டிஎக்ஸ்டி பதிவு நீளமாக வரும். ஒரு மேற்கோளுக்குள் 255 எழுத்துக்கு மேல் பிடிக்காது, இரண்டு துண்டாக உடைத்துப் போடுங்கள். வால் வெட்டுப்பட்ட சாவியை வைத்துக்கொண்டு கையெழுத்து ஏன் தேறவில்லை என்று நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை முழித்தேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. தினம் 5000 மெயில் அனுப்புகிறவர்களிடம் அவை இரண்டோடு, அவை தேறாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் கேட்கிறது. கடையிலிருந்து நாளுக்கு ஐம்பது போனால் அதிகம். ஆனாலும் மூன்றையும் போட்டிருக்கிறேன்.

போன ஆவணியில், காய் எடுப்பு மும்முரத்தில், கடைக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "தம்பி, ஜித்தாக்காரர் மூணு தடவ மெயில் போட்டாராம். திரும்பித் திரும்பி வருதாம். வாட்ஸப்ல திட்டுறாரு."

"எதையும் தொடாதீங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். தொடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். இப்படி ஒரு போன் வந்ததும் கை நேராகக் கான்ஃபிக் கோப்புக்குப் போகும். போக விடாதீர்கள். சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் மெயில் லாகைத் திறந்து, அனுப்பியவரின் டொமைன் பெயரைத் தேடுங்கள்.

வரி கிடைத்தது: 554, அனுப்பிய சர்வர், குப்பை அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, ஏற்க முடியாது. சரி, அவர் சர்வரில்தான் கோளாறு என்று போனை எடுக்கப் போனேன். அதற்குக் கீழ் கொச்சி வியாபாரி ஒருவர், அதே பதில். அதற்கும் கீழ் ஜிமெயில், அதே பதில். ஜிமெயில் முழுக்கவா பட்டியலில் இருக்கும்? முந்தின நாள் நான்தான் வேகமாக இருக்கட்டும் என்று சர்வரின் டிஎன்எஸ்ஸைப் பொது ரிசால்வருக்கு, அதாவது எல்லோருக்கும் டிஎன்எஸ் பதில் தேடித்தரும் சர்வருக்கு, மாற்றியிருந்தேன். கறுப்புப் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸ் டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கும். பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விக்கு ஸ்பேம்ஹாஸ் பட்டியலைக் காட்டாது, 127.255.255.254 என்று ஒரு பிழை எண்ணைத் திருப்பும். எந்த எண் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறார்' என்றே போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் உலகத்தையே வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பியிருக்கிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் போஸ்ட்ஃபிக்ஸின் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பை எஸ் என்று மாற்றி ரீலோட் செய்யுங்கள். 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்பெல்லாம் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பு ஆகிவிடும், அனுப்பியவர்கள் பிறகு தாமாகவே மறுபடி முயல்வார்கள். அதன் பிறகு நிதானமாக வேலை பார்க்கலாம். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவி டிஎன்எஸ்ஸை அதன் பக்கம் திருப்பினேன். பட்டியல் வரியில், உண்மையாகவே பட்டியலில் இருப்பதைக் குறிக்கும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வந்தால் மட்டும் மறு என்று எழுதினேன். கடைசியில் சாஃப்ட் பவுன்ஸை மறக்காமல் அணைத்தேன். ஏற்கெனவே திரும்பிப் போனவை போனவைதான். அவர்கள் பெயர்களை லாகிலிருந்து எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன், அண்ணன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

லாக் வரிகளில் 'சென்ட்' என்றால் எதிர் சர்வர் வாங்கிக்கொண்டது. அதற்கு மேலும் காணவில்லை என்றால் ஸ்பேம் கூடையில் பார்க்கச் சொல்லுங்கள். 'டெஃபர்ட்', அதாவது தள்ளிவைத்தது, என்றால் காரணத்தைப் படித்துவிட்டுக் காத்திருங்கள். எல்லா ஊருக்கும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றால் போர்ட் 25-தான். நம் ஆட்களுக்கே 'ரிலே அக்சஸ் டினைட்' வந்தால் அவர்கள் போனில் பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பப் பார்க்கிறார்கள். பாஸ்வேர்டு கேட்கும் போர்ட் 587 அல்லது 465 வைத்துக் கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் யார் அனுப்பலாம் என்ற பட்டியலான மைநெட்வொர்க்ஸை அகலமாகத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஊரான் குப்பையெல்லாம் உங்கள் சர்வர் வழியாகப் போகும்.

மெயில் வரிசையில் திடீரென்று ஆயிரக்கணக்கில் நின்றால் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு களவு போயிருக்கிறது. லாகில் சாஸ்ல் யூசர்நேம் என்று தேடினால் ஆள் தெரியும். எங்கள் ஸ்டோரில் ஒருவர் கடைப் பெயரோடு 123 சேர்த்து வைத்திருந்தார். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரிசையைப் பிறகு துடைக்கலாம்.

காய் சாம்பிள் போட்டோ போகவில்லை என்பார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் அளவு வரம்பு, நாம் மாற்றாவிட்டால், 10240000 பைட், இணைப்பு போகும்போது மூன்றில் ஒரு பங்கு ஊதும், எனவே 8 எம்பி படமே மாட்டிக்கொள்ளும். இணைப்பை மறையாக்க லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். தானாகப் புதுப்பித்தாலும் டவ்காட்டை ரீலோட் செய்தால்தான் புதியதை எடுக்கும், அதையும் புதுப்பிக்கும் வேலையோடு கட்டிவிடுங்கள்.

பேக்கப், கம்பம் ஊரில் இருக்கும் என் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்குத் தினம் வருகிறது. போன மாதம்தான் அதை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். பெட்டிகள் எல்லாம் பத்திரமாக வந்தன. டிகேஐஎம் சாவி மட்டும் அதில் இல்லை.